பட்டம் பெற்றாயிற்று; இனி எப்பாதை?

சென்ற அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, தென்னேரியிலுள்ள ஒரு நெசவாளர் இல்லத்திற்குச் செபமாலை சொல்லச் சென்றிருந்தோம். திரையன் ஏரி என்னும் பழம்பெயரே தென்னேரி என மருவிற்று என்பர். அவ்வேரியின் மேல் கருமேகம் கவிந்திருந்தது. மழைக்காலம் நெசவாளருக்குச் சோதனைக் காலம். குழித்தறியில் ஈரம் ஏறும், பாவு இளகும், தறி ஓய்ந்து நிற்கும். அன்றும் அவ்வீட்டுத் தறி ஓய்ந்தே இருந்தது. பாதி நெய்த சேலையின்மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள்.

செபம் முடிந்தது. அக்கம் பக்கத்தார் விடைபெற்றுச் சென்றனர். நாமும் எழுந்தபோது குடும்பத் தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சாமி, வீட்டுல ஒரு வழக்கு இருக்குது. நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்.”

வழக்கு இதுதான். மூத்த மகள் விலங்கியலில் பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதற்பிள்ளை அவளே. அவள் பி.எட். படித்து ஆசிரியையாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. தாய்மாமனோ வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். பெண்ணின் விருப்பம் வேறு. கம்ப்யூடேஷனல் பயாலஜி என்று வழங்கும் கணினிவழி உயிரியலைக் கற்க வேண்டும் என்கிறாள். இதற்கிடையில் தொலைவிலுள்ள ஒரு கல்லூரியின் ஆள் வீடு தேடி வந்திருக்கிறார். இரண்டாண்டுப் படிப்புக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் கட்டணம் என்றும், படிப்பு முடிந்த அன்றே வேலை நிச்சயம் என்றும் சொல்லிச் சென்றிருக்கிறார். தாயார் தம் தாலிச் சங்கிலியை அடகு வைக்கவும் ஆயத்தமாயிருந்தார்.

மூலையில் அமர்ந்து செபமாலை மணியை உருட்டிக் கொண்டிருந்த பாட்டியார் குறுக்கிட்டார்: “உசிரைப் பத்திப் படிச்சவங்க ஆசுபத்திரிக்குப் போவாங்க. கணக்குப் படிச்சவங்க பாங்கிக்குப் போவாங்க. இது ரெண்டுங்கெட்டான் படிப்பா இருக்குதே, சாமி?”

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. அதற்கொரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றிய காலம். மனித மரபணுத் தொகுதியைப் படிக்கும் பெருந்திட்டம் நிறைவுற்றதாக 2003-ஆம் ஆண்டில் அறிவிப்பு வந்திருந்தது. பயோ இன்ஃபர்மேடிக்ஸ் என்ற பெயர் எங்கும் ஒலித்தது. கல்லூரிகள் பல அப்பெயரில் இளநிலைப் படிப்புகளைத் தொடங்கின. நம்மிடம் யோசனை கேட்டு வந்த ஓர் இளைஞனை, பத்திரிகையில் படித்த இரண்டொரு கட்டுரைகளை நம்பி, “நல்ல எதிர்காலம் உண்டு, தம்பி, சேர்ந்துவிடு” என்று அனுப்பி வைத்தோம். அவன் சேர்ந்த இடத்தில் உயிரியலும் மேலோட்டம், கணிதமும் மேலோட்டம், கணினிப் பயிற்சியோ பெயரளவுக்கு. மூன்றாண்டு கழித்து வெளியே வந்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை கேட்டபோது, “நீ உயிரியல் படித்தவன் அல்லவே” என்றார்கள். கணினி நிறுவனத்தில் கேட்டபோது, “நீ கணினி படித்தவன் அல்லவே” என்றார்கள். கல்விக் கடன் மட்டும் அவனோடு தங்கிற்று. ஒரு மருந்துக் கடையில் பல ஆண்டுகள் நின்றே அதை அடைத்தான். நம்மைக் கடிந்து அவன் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அதுவே இன்றளவும் நமக்குச் சுமையாயிருக்கிறது.

ஆகவே தென்னேரியில் அன்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. பதினைந்து நாள் தவணை கேட்டுத் திரும்பினோம். கல்லூரிகளில் கற்பிக்கும் நண்பர்களையும், ஆராய்ச்சிக் கூடங்களில் பணிபுரியும் சிலரையும் விசாரித்தோம். நாமும் தேடிப் படித்தோம். பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கும் இல்லங்கள் பலவற்றிலும் இக்கேள்வி எழக்கூடும் என்பதால், அறிந்ததை இத்திங்கள் இங்கே எழுதுகின்றோம்.

இது என்ன படிப்பு?

நம் உடலின் உயிரணுக்களுள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. நான்கே வகைப் பொருள்கள் வரிசை மாறி மாறி அமைவதால் ஆனது அது. அந்நான்கையும் அறிவியலார் ஏ, டி, ஜி, சி என்னும் எழுத்துகளால் குறிக்கின்றனர். மனிதனின் முழுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உள்ளன. இவற்றுள் ஒரு சிறு பகுதி மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது. அதன்படி 20 வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டுப் புரதங்கள் உண்டாகின்றன. நம் இரத்தம், தசை, தோல், செரிமான நீர் யாவற்றிலும் வேலை செய்வன இப்புரதங்களே.

காஞ்சிபுரத்துக்குப் புகழ் தேடித் தந்த பட்டும் ஒரு புரதமே. கிளைசின், அலனின், செரின் என்னும் மூன்று சிறிய அமினோ அமிலங்களே பட்டிழையில் பெரும்பாலும் முறை வைத்துத் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த ஒழுங்கினாலேயே இழைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து, மெல்லியதாயினும் அறுபடாத உறுதியைப் பெறுகின்றன.

300 கோடி எழுத்துகளை ஒரு மனிதர் கண்ணால் படித்து ஒப்பிட இயலுமா? இயலாது. அங்கேதான் கணினி வருகிறது. எழுத்து வரிசைகளை ஒப்பிடுவது, எங்கே மாறுதல் நேர்ந்தது என்று காண்பது, அம்மாறுதலால் நோய் வருமா என்று கணக்கிடுவது, ஒரு புரதம் எவ்வடிவில் மடியும் என்று கண்டறிவது ஆகியவையே இத்துறையின் வேலைகள்.

பயன் என்ன என்று கேட்கலாம். கொரோனாக் கிருமியின் ஏறக்குறைய 30,000 எழுத்துகளும் 2020 சனவரியில் உலகுக்கு வெளியிடப்பட்டன. கிருமியே கைக்கு வந்து சேருமுன், அவ்வெழுத்துகளைக் கொண்டே சில கூடங்களில் தடுப்பூசியை வடிவமைக்கத் தொடங்கினார்கள். காச நோய்க் கிருமியின் ஏறக்குறைய 44 இலட்சம் எழுத்துகளும் 1998-இல் படிக்கப்பட்டன. அவற்றுள் எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து பலிக்காது என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்டு, 2023-இல் விரிவாக்கியது. நெல்லின் மரபணுத் தொகுதி 2005-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. அப்பன்னாட்டுப் பணியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. தென்னேரி ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லும், நம் வீடுகளில் இருமித் தேயும் நோயாளியும் இக்கல்விக்குத் தொலைவானவர்கள் அல்லர்.

தறியில் வளர்ந்த பிள்ளைக்கு இது முற்றிலும் அந்நியமும் அன்று. ஜக்கார்டு அட்டையை அறியாத பட்டு நெசவாளர் யார்? அட்டையில் துளை இருந்தால் இழை மேலே எழும். துளை இல்லையேல் கீழே தங்கும். ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே கட்டளைகளால் முந்தானையில் அன்னமும் மாங்காயும் எழுகின்றன. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1804 வாக்கில் ஜக்கார்டு உருவாக்கிய அத்தறியைக் கண்டே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கியந்திரத்துக்குத் துளையிட்ட அட்டைகளை வகுத்தார். கணினிக்கும் தறிக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

பட்டாணி எண்ணிய துறவி

உயிரைக் கணக்கினால் ஆராய்வது புதுமோகம் என்று எண்ணுவோர், நம் திருச்சபைக் குரு ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும். புனித அகுஸ்தினார் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் புருனோ நகர மடத்தில் வாழ்ந்தவர். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-ஆம் ஆண்டு தோற்றார். மடத்தின் தலைவர் அவரைக் கைவிடவில்லை. வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி இரண்டாண்டு படிக்க வைத்தார். அங்கே மெண்டல் கற்றவற்றுள் இயற்பியலும் கணிதமும் தலையானவை.

திரும்பி வந்தவர் 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஆயிரமாயிரம் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். பிறர் செடியைப் பார்த்து வருணித்தார்கள். அவரோ விதைகளை எண்ணினார். ஒரு சோதனையில் உருண்டை விதைகள் 5,474. சுருங்கிய விதைகள் 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. இந்த விகிதத்திலிருந்தே பாரம்பரியத்தின் விதிகளைக் கண்டார். 1865-இல் அதை அவையில் படித்தார். மறு ஆண்டு அச்சேற்றினார். உலகம் பொருட்படுத்தவில்லை. 1884-இல் அவர் இறந்தார். 1900-இல்தான் அறிஞர்கள் அவர் பெருமையை உணர்ந்தார்கள்.

இரண்டு படிப்பினைகள் இங்கே உண்டு. தேர்வில் ஒரு முறை தோற்றவர் அறிவிலும் தோற்றவர் ஆகார். உயிரியலின் பெருங்கதவு ஒன்றைத் திறந்த சாவி, தோட்டத்தில் கற்ற பொறுமையும் வகுப்பறையில் கற்ற கணிதமும் சேர்ந்த ஒன்று.

சென்னையில் பிறந்த வரைபடம்

அயல்நாட்டுச் சான்று போதாது என்பார்க்கு, சென்னையிலேயே சான்று இருக்கிறது. கோ. நா. இராமச்சந்திரன் என்று நாம் தமிழில் எழுதக்கூடிய ஜி. என். இராமச்சந்திரன், 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்து, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். அவர் இயற்பியலார், உயிரியல் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் எடுத்துக் காட்டினார்.

பிறகு அவரும் அவருடைய மாணவர்களான இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வேறொரு கேள்வியை எழுப்பினார்கள். புரத இழையில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்ப வல்லது. எப்படி வேண்டுமானாலும் திரும்பலாமா? இரண்டு அணுக்கள் ஓரளவுக்கு மேல் நெருங்க இயலாது. ஆகவே சில கோணங்கள் ஆகும். பல கோணங்கள் ஆகா. ஆகும் கோணங்களையெல்லாம் கணக்கிட்டு ஒரு கட்டத்தாளில் குறித்தார்கள். இன்றுள்ள கணினி அன்று அவர்களிடம் இல்லை. மேசைமேல் வைக்கும் கணக்கியந்திரத்தைக் கொண்டே அத்தனையும் செய்தார்கள். 1963-இல் அது வெளியாயிற்று. உலகெங்கும் அதற்கு ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்றே பெயர். இன்று எந்த நாட்டில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று ஒத்துப் பார்க்கும் உரைகற்களுள் ஒன்று அவ்வரைபடம். பட்டிழைக்கும் அதில் இடம் உண்டு. மேற்புறத்து இடப்பக்கத்தில் அது அமைகிறது.

இன்னொரு சான்று. 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், பரோடாவில் இயற்பியலில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் 1976-இல் அதே துறையில் முனைவரும் ஆனார். அதன் பிறகே தம் மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்தார். முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக் கொண்டே, கலிபோர்னியாவில் உயிரியல் மாணவராக மீண்டும் வகுப்பறையில் அமர்ந்தார். உயிரணுவில் புரதம் தயாராகும் பட்டறையான ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார்.

எவருக்கு இது ஏற்றது?

இப்போது பாட்டியாரின் கேள்விக்கு வருவோம். இது இரண்டுங்கெட்டான் படிப்பா? நாம் கண்ட விடை இது: ஒரு துறையில் வேரூன்றி மற்றொரு துறைக்குக் கிளை நீட்டுபவருக்கு இது இரு கையும் வாய்த்த படிப்பு. இரண்டிலும் வேர் இல்லாமல் பெயரை மட்டும் நம்பிப் போகிறவருக்கு இது இரண்டுங்கெட்டான் படிப்பேதான்.

மேலே சொன்னவர்களைப் பாருங்கள். ஒருவரும் பெயரைப் பார்த்து ஒரு படிப்பில் சேர்ந்தவர் அல்லர். முதலில் ஒன்றைத் திறம்படக் கற்றார்கள். பிறகு மற்றொன்றைத் தாழ்மையோடு கற்றார்கள். நாம் இருபது ஆண்டுக்கு முன் அந்த இளைஞனுக்குச் செய்த பிழை, இவ்வரிசையை அறியாமல் அனுப்பியதே.

ஆகவே விலங்கியல், தாவரவியல், வேதியியல் படித்த பிள்ளை இத்துறையை விரும்பினால், பிளஸ் டூவில் விட்ட கணிதத்தை மீண்டும் எடுக்க வேண்டும். நிகழ்தகவு, புள்ளியியல், அணிகள் ஆகியவற்றைக் கற்க வேண்டும். பைத்தான் போன்ற ஒரு கணினி மொழியில் தானே நிரல் எழுதப் பழக வேண்டும். கணிதமோ இயற்பியலோ கணினியோ படித்த பிள்ளை, உயிரணு, மரபு, புரதம் பற்றிய பாடங்களைத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும். எனக்குத் தெரியாதது பாதி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் மனமே நுழைவுச் சீட்டு.

“இயந்திரமே எல்லாம் செய்துவிடுமாமே? பிறகு மனிதருக்கு என்ன வேலை?” என்று ஆசிரிய நண்பர் ஒருவரைக் கேட்டோம். கேள்வி நியாயமானதே. எழுத்து வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தை ஊகித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் கருவி, 2022-ஆம் ஆண்டிற்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களைத் தந்துவிட்டது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதுப் புரதங்களைக் கணினியில் வகுத்த டேவிட் பேக்கருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நண்பர் தந்த விடை இது: “ஆயத்தக் கருவியை இயக்க மட்டும் தெரிந்தவருக்கு இனி இடம் குறையும். எந்தக் கேள்வியைக் கேட்பது, கருவி தந்த விடை மெய்யா பொய்யா என்று சோதிப்பது, இவை தெரிந்தவருக்கு வேலை கூடும்.” அந்தப் பரிசு பெற்ற மூவருள் ஜம்பர் இயற்பியலில் தொடங்கியவர், ஹசாபிஸ் கணினியில் தொடங்கியவர், பேக்கர் உயிர்வேதியியலில் பயின்றவர். அடித்தளமே இங்கும் முதலில் வருகிறது.

செலவைக் கணக்கிடுவோம்

கோபுரம் கட்ட விரும்பியவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற ஆண்டவரின் உவமையை நாம் அறிவோம். கோபுரங்கள் நிறைந்த காஞ்சிக்கு அருகில் வாழும் நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டுவதில்லை. இப்படிப்புக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

முதலாவது காலம். முதுநிலைப் பட்டம் இரண்டாண்டு. ஆராய்ச்சிப் பணி வேண்டுமானால் முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்தாண்டு போல ஆகும். ஏழாண்டு என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வில் சிறிதன்று. பெண் பிள்ளையாயின் திருமணப் பேச்சும் இடையில் எழும். இவற்றை முன்கூட்டியே வீட்டில் மனம் விட்டுப் பேசிவிட வேண்டும்.

இரண்டாவது பணம். அடகு வைத்துத்தான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. நாட்டின் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.எஸ்ஸி. சேர ‘ஜாம்’ என்ற தேர்வு இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகம் முதலிய மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் பயோ இன்ஃபர்மேடிக்ஸ் துறைகள் இருக்கின்றன. எம்.டெக். சேர்வோர்க்கு ‘கேட்’ தேர்வு. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிவழி உயிரியலில் முனைவர் ஆய்வே செய்யலாம். ‘நெட்’ தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெறுவோர்க்கு, 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என நிர்ணயித்திருக்கிறார்கள். எனவே, தேர்வு எழுதித் தகுதியால் நுழையும் வாசல்களை முதலில் தட்டுங்கள். நுழைவுத் தேர்வு ஏதும் இன்றி, வீடு தேடி வந்து, வேலை நிச்சயம் என்று வாக்களிக்கும் வாசலைக் கண்டால் ஒரு முறைக்கு நான்கு முறை விசாரியுங்கள். அங்கே சென்ற மூன்றாண்டுகளில் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயரும் ஊரும் சொல்ல மறுத்தால் அதுவே விடை.

மூன்றாவது சோதனை. சேருமுன்னரே தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. நாட்டின் பெரிய தொழில்நுட்பக் கழகங்கள் ‘என்.பி.டெல்.’ வழியாகத் தம் பாடங்களை இலவசமாகக் கேட்க வைத்திருக்கின்றன. 1971-இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய புரத வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. உலகில் எவரும் காசு கொடாமல் அவற்றைத் திறந்து பார்க்கலாம். மரபெழுத்துக் களஞ்சியங்களும் அவ்வாறே. ஆறு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பாடத்தை முடித்து, ஒரு சிறு கேள்விக்குத் தானே விடை காண முயலட்டும். பிழையான நிரலைப் பத்து முறை திருத்தியும் சலிக்காத மனம் இருந்தால், அது இத்துறைக்கேற்ற மனம். சலித்துவிட்டால் அதிலும் இழப்பு இல்லை. தாலிச் சங்கிலி தாயாரின் கழுத்திலேயே இருக்கும்.

நான்காவது மாற்று வழி. பி.எட். படிப்பதோ வங்கித் தேர்வு எழுதுவதோ தாழ்ந்தவை அல்ல. ஒரு பள்ளியில் நல்ல விலங்கியல் ஆசிரியை ஒருவர் இருந்தால், நூறு பிள்ளைகளுக்குக் கண் திறக்கும். ஒரு வாசல் திறக்காவிட்டால் மற்றொன்றில் நுழையலாம் என்ற தெளிவோடு தேர்வுக்குப் போகும் பிள்ளை அச்சமின்றி எழுதும்.

மீண்டும் தென்னேரி

சொன்னபடி பதினைந்தாம் நாள் சென்றோம். மேலே எழுதியவற்றையெல்லாம் அவர்கள் நடுவில் அமர்ந்து சொன்னோம். பழைய இளைஞனின் கதையையும் ஒளிக்காமல் சொன்னோம். பெண் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, “ஃபாதர், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இன்னும் எடைக்குப் போடலை” என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் மனம் நமக்குப் புலப்பட்டது.

முடிவு இப்படி ஆயிற்று. அந்தத் தொலைதூரக் கல்லூரிக்கு ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. ஓராண்டு தவணை. அந்த ஓராண்டில் காலை வேளை அவள் பக்கத்துப் பள்ளியில் தற்காலிகமாகக் கற்பிப்பாள். மாலையில் கணிதமும் நிரலும் கற்று நுழைவுத் தேர்வுகளை எழுதுவாள். இடம் கிடைத்தால் தந்தை தடை சொல்ல மாட்டார். கிடைக்காவிட்டால் பி.எட். சேர அவள் முகம் சுளிக்க மாட்டாள். இருவரும் நம் முன்னிலையில் ஒப்புக் கொண்டனர். பங்கு இல்லத்தில் உள்ள கணினியை மாலையில் இரண்டு மணி நேரம் அவளுக்கும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் திறந்து வைப்பதாக நாம் ஒப்புக் கொண்டோம். பழைய பிழைக்கு இது பரிகாரம் ஆகாது; ஆயினும் நம்மால் ஆனது.

தந்தையார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “அவ ஜெயிச்சிடுவாளா, சாமி?”

“நீங்கள் பாவு பூட்டும்போது சேலை நன்றாக வரும் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா?” என்றோம். “இழை ஒவ்வொன்றையும் சரி பார்த்துப் பூட்டுகிறீர்கள். அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடர்கிறீர்கள். அவளுக்கும் அதுதான்.”

அவர் சிரித்தார். பாட்டியார் மட்டும் விடவில்லை. “சரி சாமி, அந்தப் படிப்புல என் இருமலுக்கு மருந்து கண்டுபிடிக்கட்டும்” என்றார்.

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளின் ஆசையை முளையிலேயே கிள்ளாதீர்கள். அதே வேளையில் ஆசைக்கு அடகுச் சீட்டு எழுதவும் விரையாதீர்கள். அன்புள்ள பிள்ளைகளே, பெயர் புதிதென்று ஒரு படிப்பை நாடாதீர்கள். வேர் எங்கே என்று பாருங்கள். இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வைப்பது பிழை. எங்கே இட்டால் பெருகும் என்று ஆராயாமல் வீசுவதும் பிழை. யோசனை சொல்லும் நம்மைப் போன்றோரும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் தவணை கேட்கக் கற்போமாக.

உங்கள் இல்லங்களில் பட்டம் பெற்று வழி நோக்கி நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இறையாசீர் உண்டாவதாக.